தர்ஷனா எழுதியதும் சங்கவிக்கு வந்ததும்

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பின் அறிமுகமில்லாத ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வாசுகியின் வீட்டுக்கு வந்து, பிள்ளையை நல்லபடியாக வளர்த்திருப்பதற்காக நன்றி சொன்னாள். வாசுகியிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீடு மாறி வந்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

"தர்ஷனா அம்மாதானுங்களே?"

"ஆமா."

"அப்ப நீங்கதானுங்க."

வந்தவள் பெயர் செல்வராணி. திருச்சி ரோட்டில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் பெயின்ட் வேலை. லாரிக்குப் பெயர் எழுதுவாள், பின்பக்கம் மயிலும் புலியும் வரைவாள். கணவர் இல்லை, பிழைப்புக்காகத் திண்டுக்கல்லிலிருந்து நாமக்கல்லுக்கு வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்ற மகள் சங்கவி, தர்ஷனாவோடு ஏழாம் வகுப்பில் படிக்கிறவள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வாசுகி கோழிப் பண்ணைகளுக்கான கால்நடை மருத்துவர். ஊரைச் சுற்றியிருக்கும் பண்ணைகளில் பல லட்சம் கோழிகளின் உடம்புக்கு அவள் பொறுப்பு. வீட்டில் இருப்பது ஒரே பிள்ளை. அந்தப் பொறுப்பைச் செம்மை பார்த்துக்கொண்டது.

பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் போனில் எதைத் தட்டினாலும் அது செம்மை என்ற செயலி வழியாகத்தான் வெளியே போகவேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சிறுபிள்ளைத்தனமாக எழுதியதைச் செம்மை பக்குவப்படுத்தி அனுப்பும். 'போடி லூசு' என்று எழுதினால் 'உன் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை' என்று போய்ச் சேரும். பிள்ளை எழுதியது எழுதியபடியே, போய்ச் சேர்ந்த வடிவத்தோடு பெற்றோரின் போனில் 'மூலம்' என்ற பகுதியில் வந்து விழும். அந்தப் பெயரை வைத்தவர்கள் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டென்று யோசிக்கவில்லை. வந்த புதிதில் நாடே சிரித்தது. பெற்றோர் வாரம் ஒரு முறை மூலத்தைப் படித்துவிட்டு, 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்தவேண்டும். வாசுகி ஒரு வாரம் கூடத் தவறவிடாமல் அழுத்தி வந்தாள்.

அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். அறையிலிருந்து வந்த தர்ஷனா, சங்கவியைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"இந்தப் பாப்பாதானுங்களா?" என்று செல்வராணி எழுந்தேவிட்டாள். "எங்க பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் திக்குமுங்க டாக்டரம்மா. புதுப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சோ, இனிமே போக மாட்டேன்னு படுத்துட்டா. சோறு இறங்கல. நான் பட்டறைக்குப் போயாகணும். தனியா விட்டுட்டுப் போகப் பயந்து, பக்கத்து வீட்டு அக்காவ எட்டி எட்டிப் பார்த்துக்கச் சொல்லிட்டுப் போவேன். அப்பத்தான் உங்க பாப்பா மெசேஜ் வந்துச்சு. சொல்லு சாமி."

சங்கவி போனைப் பார்க்காமலே சொன்னாள். "'நீ வராவிட்டால் உன் இடம் காலியாக இருக்கும். அது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.'"

மனப்பாடமாகியிருந்த அந்த வரி எங்கேயும் திக்கவில்லை.

"மறுநாள் தானா எந்திரிச்சுக் குளிச்சுட்டுக் கிளம்பிட்டாளுங்க," என்றாள் செல்வராணி. "இன்னொண்ணு சொல்லு. அந்த மெதுவாப் பேசறது."

"'நீ மெதுவாகப் பேசும்போது எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது.'"

வாசுகி மகளைப் பார்த்தாள். தர்ஷனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையாக இருந்தது வாசுகிக்கு. தனக்குக்கூட இப்படி எழுத வராது என்று நினைத்தாள்.

சங்கவி டப்பாவைத் தர்ஷனாவிடம் நீட்டினாள். "நெ-நெத்திலிக் கருவாடு. உனக்காக அம்மா வ-வறுத்தாங்க."

"'உன் வீட்டுச் சாப்பாட்டின் மணம் என் இருக்கை வரை வருகிறது'ன்னு பாப்பா எழுதியிருந்துச்சுங்க," என்று செல்வராணி விளக்கினாள். "ஆசைப்பட்டுக் கேக்கத் தெரியாம அப்படிச் சொல்லியிருக்கு."

கருவாட்டு வாசம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிறவள் தர்ஷனா. இப்போது டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். வாசுகிக்கு அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது.

"ஸ்கூல்லயும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருப்பீங்களா?" என்று சங்கவியைக் கேட்டாள்.

"இல்ல ஆன்ட்டி. ஸ்கூல்ல பே-பேச மாட்டா. அவளுக்குக் கூ-கூச்சம்."

பள்ளி ஆண்டுவிழாவில் மைக்கை விட்டு இறங்க மறுத்தவள் தர்ஷனா.

செல்வராணி வந்த விஷயத்துக்கு வந்தாள். "இந்தச் செம்மைய நடுவுல இருந்து எடுத்துடலாமாமுங்களே. நெருங்கின சிநேகிதிங்களா இருந்து, ரெண்டு வீட்டுலயும் சம்மதம் குடுத்தா நேர்வழி திறந்துடுவாங்களாம். பழைய மெசேஜுங்களும் பிள்ளைங்க எழுதினபடியே தெரியுமாம். நான் நேத்தே அமுக்கிட்டேனுங்க. உங்க போனுக்கும் வந்திருக்கும்."

"அவ எ-எழுதின மாதிரியே ப-படிக்கணும்," என்றாள் சங்கவி.

வாசுகி போனை எடுத்தாள். கேள்வி வந்து காத்திருந்தது. கட்டைவிரலை வைக்கப்போனபோது தர்ஷனா சொன்னாள்: "அப்புறம் பண்ணிக்கலாம்மா. சார்ஜ் இருக்காது."

போனில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. வாசுகி அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். "ஆமா, சார்ஜ் இல்ல. சாயந்தரம் அமுக்கிடறேன்," என்று செல்வராணியிடம் சொன்னாள்.

அவர்களை வழியனுப்பிவிட்டு அவள் திரும்பி வந்தபோதும் தர்ஷனா டப்பாவோடு அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"அதெல்லாம் யாரும்மா எழுதினது?" என்று கேட்டாள்.

"நீதானே எழுதின?"

"நான் அப்படி எழுதல. கெட்ட வார்த்தை போட்டா மட்டும்தான் செம்மை மாத்தும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒரு கெட்ட வார்த்தை கூடப் போடல." இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. "என் போன்ல நான் எழுதினதுதான் தெரியும். அப்படியே போகுதுன்னு நினைச்சேன்."

"என்ன எழுதின?"

தர்ஷனா டப்பாவை மேஜைமேல் வைத்தாள். பிறகு, "என்ன சொன்னாலும் மறுநாள் என்னைப் பார்த்துச் சிரிச்சாம்மா," என்றாள். "சரி, உறைக்கலைன்னு இன்னும் கொஞ்சம் சொன்னேன். அதுக்கும் சிரிச்சா. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு."

"அவ உன்னை என்ன பண்ணினா?"

"முதல் நாள் தெரியாம என் இடத்துல உட்கார்ந்துட்டா."

வாசுகி வெகுநேரம் மூலத்தைப் படித்தாள். அடுப்பில் குழம்பு வற்றிக் கருகியது. 'நீ ஒரு வார்த்தைய முடிக்கறதுக்குள்ள நான் தூங்கி எந்திரிச்சுடுவேன்' என்று தர்ஷனா எழுதியது, யோசிக்க நேரம் கிடைக்கிறது என்று போயிருந்தது. 'உன் டிபன் பாக்ஸ் நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது, வெளில போய்த் தின்னு' என்பதுதான் கருவாடாகத் திரும்பி வந்திருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை என்று மகள் சொன்னது உண்மைதான். மற்றவர்களுக்கு எழுதியவையும் இருந்தன. 'எங்கம்மாவுக்குக் கோழி பத்திப் பேசினாத்தான் காது கேக்கும்' என்று ஒரு தோழிக்கு எழுதியிருந்தாள். 'என் தாய் தம் பணியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்' என்று அது போய்ச் சேர்ந்திருந்தது.

மதியம் வீட்டுக்கு வந்த கணவன் முரளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கருகிய குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான்.

"ஊரு பூரா படிக்காமத்தான் அமுக்கறோம்," என்றான். "நீ மட்டும் என்ன? இப்ப அந்தப் பொண்ணு சந்தோஷமா இருக்கு. நம்ம பிள்ளைக்கும் புத்தி வந்துடுச்சு. நேர்வழியைத் திறக்காம விட்டா ஒரு மாசத்துல அந்தக் கேள்வி தானா செத்துடும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்தப் பொண்ணு நம்ம பிள்ளையை நம்பித்தானே எந்திரிச்சு நடமாடுது?"

"நடமாடுதுல்ல? விடு."

வாசுகியால் விட முடியவில்லை. மறுநாள் பண்ணைக்குப் போகும் வழியில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுச் செம்மையின் உதவி மையத்தைக் கூப்பிட்டாள். ஒரு பையன் மிக மரியாதையாகப் பேசினான்.

"என் பொண்ணு எழுதினது ஒண்ணு, போய்ச் சேர்ந்தது ஒண்ணு," என்றாள்.

"ஆமாங்க மேடம். அதுதான் எங்க சேவை."

"அப்ப போய்ச் சேர்ந்ததை யார் எழுதினது?"

"உங்க மகள்தான் மேடம். இன்னும் கொஞ்சம் பக்குவமான உங்க மகள்."

"அவ அப்படித்தான் வளருவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வளர்க்கறது எங்க பிரிவுல வராதுங்க மேடம்."

"அந்தப் பொண்ணு இதை நிஜம்னு நம்பிட்டிருக்கா. அவகிட்ட நீங்களே எடுத்துச் சொல்ல வழி இருக்கா?"

"நேர்வழியைத் திறந்தா அவங்களே தெரிஞ்சுக்குவாங்க மேடம். அதனால வர்ற மனவருத்தத்துக்கு நாங்க பொறுப்பில்லைங்க. ஏன்னா எல்லா வாரமும் நீங்க பார்த்தேன்னு உறுதி குடுத்திருக்கீங்க." கொஞ்சம் இடைவெளி விட்டு, "எங்க பதிவுல நீங்க முன்மாதிரிப் பெற்றோர் மேடம்," என்று சேர்த்துக்கொண்டான். அதை அவன் வாழ்த்தாகத்தான் சொன்னான்.

அன்று பண்ணையில் குஞ்சுகளுக்கு அலகு வெட்டும் நாள். கூரான அலகோடு விட்டால், ஒன்றுக்குச் சின்னக் காயம் பட்டாலும் மற்றவை எல்லாம் சேர்ந்து அந்த ஒன்றைக் கொத்தியே கொன்றுவிடும். நுனியை மழுக்கிவிட்டால் காயம் படாது. கொத்துகிற ஆசை மட்டும் அப்படியே இருக்கும். புதுப் பண்ணைக்காரர்களுக்கு வாசுகி இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாள். அன்றும் ஒருவர் கேட்டார். அவள் நேராக வண்டிக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் மகளிடம், "செருப்பைப் போடு, சங்கவி வீட்டுக்குப் போறோம்," என்றாள்.

"மெசேஜ்லயே சாரி போட்டுடறேன்மா."

"நீ எப்படிப் போட்டாலும் அது அழகாப் போய்ச் சேரும். வாயால சொல்லு."

சங்கவி வீட்டில் ஆள் இல்லை. பட்டறையில் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பட்டறையில் செல்வராணி பலகைமேல் நின்று ஒரு லாரியின் பின்பக்கத்தில் மயிலுக்குத் தோகை எழுதிக்கொண்டிருந்தாள். சங்கவி பழைய டயர்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தர்ஷனாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். பள்ளியில் தினமும் அந்தச் சிரிப்பைத்தான் தர்ஷனா பார்த்திருக்க வேண்டும் என்று வாசுகிக்குத் தோன்றியது.

"அதெல்லாம் நான் எழுதல," என்றாள் தர்ஷனா.

"எ-எதை?"

"உனக்கு வந்ததை. நான் உன்னைத் திட்டித்தான் எழுதினேன். செம்மை மாத்திடுச்சு."

சங்கவிக்குப் புரியவில்லை. தர்ஷனா தான் எழுதியதைச் சொல்லிக் காட்டினாள். தூக்கம், டிபன் பாக்ஸ். மூன்றாவதுக்கு வருமுன் செல்வராணி பலகையை விட்டு இறங்கிவிட்டாள். கையில் பிரஷ் அப்படியே இருந்தது. நீலப் பெயின்ட் அவள் காலில் சொட்டியது.

"டாக்டரம்மா, வாரா வாரம் நீங்க இதைப் படிக்கலையா?"

"அமுக்கினேன். படிக்கல," என்றாள் வாசுகி.

"மூணு மாசமா என் பிள்ளை அதைச் சொல்லிட்டே தூங்கினாளுங்க." செல்வராணியின் குரல் உயரவில்லை. "நான் உங்க வீட்டு வாசல்ல வந்து கையெடுத்துக் கும்பிட்டேன். கூட்டிட்டுப் போயிடுங்க உங்க பிள்ளைய."

தான் படித்ததுண்டா என்று செல்வராணியைக் கேட்க வாசுகிக்கு வாய் வரவில்லை. ஆனால் செல்வராணி தானாகவே, "நானும் அமுக்கறதுதான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

வாசுகி மகளின் தோளைத் தொட்டுக் கிளம்பச் சொன்னாள்.

"இ-இரு," என்றாள் சங்கவி. "இடம் காலியா இருக்கும்னு வந்துச்சே. அதுக்கு நீ என்ன எ-எழுதின?"

தர்ஷனா அம்மாவைப் பார்த்தாள். வாசுகி உதவிக்கு வரவில்லை.

"நீ வரலைன்னா ஒருத்தருக்கும் தெரியாது. உன் இடத்துல என் பையை வச்சுக்குவேன்னு எழுதினேன்."

சங்கவி அதைக் கேட்டுக்கொண்டாள். கணக்குக்கு விடை சரியா என்று பார்க்கிறவள்போல உதட்டை மட்டும் அசைத்துத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு டயர்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தாள். அழுதது தர்ஷனாதான். வீடு வரும்வரை வண்டியின் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். வாசுகி அதை நிறுத்தச் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தர்ஷனா யாருக்கும் எதுவும் எழுதவில்லை. மூலம் காலியாக இருந்தது. அதையும் வாசுகி தினமும் திறந்து பார்த்தாள். மகளைப் பள்ளியிலிருந்து தானே அழைத்துவரத் தொடங்கினாள். சங்கவி பள்ளிக்கு வருகிறாளா என்று முதல் நாளே கேட்டாள். வருகிறாள், ஆனால் சிரிக்கவில்லை என்றாள் தர்ஷனா.

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது சங்கவி குறுக்கே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, இவளை மெ-மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க."

"இனிமே உன்னைத் திட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கா கண்ணு," என்றாள் வாசுகி.

"தி-திட்டச் சொல்லுங்க. அவ திட்டினாத்தான் எனக்கு அது வ-வரும்."

வாசுகி வண்டியின் இன்ஜினை அணைத்தாள். "அது இவ பேச்சு இல்லையேம்மா. உனக்குத்தான் இப்பத் தெரியுமே."

"தெ-தெரியும் ஆன்ட்டி." சங்கவி பொறுமையாக விளக்கினாள். "இவ பே-பேச்சு எனக்கு வேண்டாம். அது வேணும். அம்மாகிட்டச் சொல்லி நே-நேர்வழியை வேண்டாம்னு போட்டுட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தர்ஷனா பின்னால் உட்கார்ந்தபடி, "நான் என்னம்மா பண்றது?" என்று கேட்டாள். வாசுகிக்குத் தெரியவில்லை. உதவி மையத்துக்கும் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் தர்ஷனா 'சாரி. சாப்டியா?' என்று எழுதி அனுப்பினாள். அதில் திருத்த ஒன்றும் இல்லாததால் செம்மை அதை அப்படியே அனுப்பியது. திங்கட்கிழமை சங்கவி அவள் இடத்துக்கு வந்து, நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்தும் அப்படியே ஒன்றிரண்டு போயின. 'என்ன பண்ற', 'ஹோம்வொர்க் முடிச்சியா'. இதெல்லாம் எல்லாரும் அனுப்புகிறது என்று சங்கவி புகார் சொன்னாள். அவள் தரத்தில் கறாராக இருந்தாள்.

வேறு வழியில்லாமல் தர்ஷனா திட்டு யோசிக்க உட்கார்ந்தாள். வரவில்லை. முன்பெல்லாம் யோசிக்காமலே வந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு விசிறியைப் பார்த்தாள். வாசுகி பண்ணையிலிருந்து வந்து குளித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு திட்டு சொல்லேன்."

வாசுகி யோசித்தாள். தன் பிள்ளையை இன்னொரு பிள்ளையைத் திட்டச் சொல்லிக்கொடுக்கும் நாள் வரும் என்று அவள் நினைத்ததில்லை. "கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு எழுதேன்," என்றாள்.

"ஐயோ, இல்லம்மா. அவ கையெழுத்து சூப்பரா இருக்கும். அவங்கம்மா லாரில எழுதுறாங்கல்ல, அதே மாதிரி. 'ழ' போட்டான்னா வால் சுழிச்சு மேல போயிட்டு வரும்."

"நீ எப்பப் பார்த்த?"

"இன்னைக்கு. போர்டுல எழுதினா."

"அதையே எழுது."

"இது திட்டு இல்லையேம்மா. அப்படியே போயிடும்."

"போகட்டும்."

தர்ஷனா நெடுநேரம் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில் அம்மாவிடம் காட்டினாள். 'உன் கைஎழுத்து லாரி மாதிரி இருக்கு. ழ சூப்பர்.' வாசுகிக்கு அதில் ஒரு பிழையும் ஒரு பெரிய குழப்பமும் கண்ணில் பட்டன. திருத்தாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் சங்கவி நேராக வண்டிக்கு வந்தாள்.

"லா-லாரி மாதிரின்னா என்ன?" என்று தர்ஷனாவைக் கேட்டாள்.

"லாரில எழுதுற மாதிரி. அழகா."

சங்கவி அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்த்தாள்.

"சு-சுமார்தான்," என்றாள். "இன்னொண்ணு அ-அனுப்பு."